நாக்குக்கு அடியில் நாலு சொட்டு

பெரியவளுக்குத் தொண்டை கொஞ்சம் கரகரப்பு. பிறவியில் வந்ததல்ல. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வருஷக்கணக்காக நின்று, காது மந்தமானவர்களுக்கும் வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பேசி வந்த குரல். மருந்தின் பெயரைச் சொல்லுவாள், யாருக்கு என்று சொல்லுவாள், எப்போது, எப்படி, எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லுவாள். எல்லாம் பாட்டிலிலேயே ஒட்டித்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லுவாள். அதனால் கூட வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு லேபிள் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் கூடப் பிறந்தவள் கவிழ்த்தாள். யாரோ எவரோ செய்திருந்தால் இரண்டு நாள் வாயாரத் திட்டிவிட்டு மூன்றாம் நாள் மறந்துவிடலாம். சொந்தக்காரர்கள் செய்வதில் அந்த வசதி கிடையாது.

சின்னவள் கடை வைக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது பெரியவள் சந்தோஷப்படத்தான் செய்தாள். கல்யாணம், குழந்தை, வேலை பார்த்த இடத்தில் சண்டை என்று அலைந்துகொண்டிருந்தவள் ஒரு இடத்தில் உட்காரப் போகிறாளே என்று நிம்மதி. என்ன கடை என்று கேட்டதும்தான் நெற்றி சுருங்கியது. சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடி வகையிலிருந்துதான் எடுப்பது, ஆனால் போதை தராது. மூட்டு வலி, முதுகு வலி, தூக்கமின்மை என்று எதற்கெடுத்தாலும் அதைத்தான் இப்போது ஊரெல்லாம் தேடுகிறது.

"அது சட்டப்படி விக்கலாமாடி?"

"அதைக் கேக்கத்தானே உங்கிட்ட வந்தேன்."

அந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். அதே எண்ணெய், அதே பாட்டில். முழங்காலில் தேய்த்தால் அது பூச்சு எண்ணெய். சாதாரணக் கடையிலேயே விற்கலாம், பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் போதும். நாக்கில் விட்டால் அது மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும், மருந்துக் கடையில்தான் விற்க வேண்டும், மீறி விற்றால் கம்பி எண்ண வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்றால், மூடியில். தட்டை மூடி போட்டிருந்தால் தடவுவதற்கு. சொட்டுக் குழாய் வைத்த மூடி போட்டிருந்தால் வாய்க்கு. அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் பெரியவளுக்கு அது சிரிப்பாக இல்லை. தோலில் தேய்த்தது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். வாய் வழியாகப் போனது ஈரலுக்குப் போகும். ஈரலில் ஏற்கெனவே வேறு மருந்துகள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். இது போய் நடுவில் நுழைந்து தள்ளுமுள்ளு செய்யும். எந்த மருந்து எவ்வளவு உடம்பில் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

"அக்கா, உன் பேரு மட்டும் இருந்தா போதும். கடைப் பக்கமே நீ வர வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"பேரு மட்டும்னா? என் பேருதாண்டி எனக்குச் சோறு போடுது. பதிவு போச்சுன்னா எந்தக் கவுண்டர்லயும் ஒரு தலைவலி மாத்திரை கூட எடுத்துக் குடுக்க முடியாது. எனக்கு வேற என்ன தெரியும்?"

"தெரியுங்க்கா. உன் பேரைக் கெடுப்பேனா நான்?"

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம் சின்னவளுக்கு. பெரியவள் கையெழுத்துப் போட்டாள். ஆனால் சும்மா போடவில்லை. தட்டை மூடி தவிர வேறு மூடி கடைக்குள் வரவே கூடாது என்றாள். 'தோலில் தடவ மட்டும். வாயில் விடக் கூடாது' என்ற வாசகத்தைத் தானே எழுதிக் கொடுத்து, பெரிய எழுத்தில் அச்சடிக்க வைத்தாள். விடுமுறை நாட்களில் கடைக்குப் போய் அலமாரி அலமாரியாகப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தட்டை மூடிதான். சின்னவள் பக்கத்திலேயே நின்று, "திருப்தியா இன்ஸ்பெக்டர் அம்மா?" என்று கேலி செய்வாள். இருவரும் சிரிப்பார்கள். கல்லா மேஜைக்குக் கீழே ஒரு டிராயர் இருந்தது. அதைப் பெரியவள் திறந்து பார்க்கவில்லை. தங்கச்சியின் மேஜை டிராயரைக் குடைகிற அக்கா எங்கே இருக்கிறாள்?

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கடை நன்றாகவே நடந்தது. தடவுகிற எண்ணெய்க்கு இத்தனை கூட்டமா என்று ஒரு நாளாவது பெரியவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தங்கச்சிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தாள், பாவம்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தையல்காரர் வந்தார்.

மூக்கில் ரத்தம் நிற்காமல் ஒழுகி, சட்டையெல்லாம் நனைந்து, மருமகள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தாள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த மனிதர். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியவர். அளவெல்லாம் சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் பரிசோதனையில் பார்த்தால் அந்த மாத்திரையை ஒன்றுக்கு மூன்றாக விழுங்கின மாதிரி ரத்தம் தண்ணீராக ஓடுகிறது. கையில் காலில் எல்லாம் நீல நீலமாகக் கன்றிப் போயிருந்தது. தலைக்குள் கசிந்திருந்தால் ஆள் அன்றைக்கே போயிருப்பார்.

வார்டு டாக்டர் சின்னப் பையன். கவுண்டருக்கே போன் செய்தான்.

"லேபிள் அக்கா, கொஞ்சம் மேல வாங்க. இவர் வேற என்னமோ சாப்பிடறாரு, என்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு. நீங்க கேட்டா சொல்லுவாரு."

இது அவளுக்கு வழக்கமான வேலைதான். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்தார் தையல்காரர். கண் மூடியிருந்தது.

"ஐயா, நான் மருந்துக் கவுண்டர்லேர்ந்து வரேன். டாக்டர் குடுத்தது தவிர வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா? சூரணம், கஷாயம், சத்து மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

தையல்காரர் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் ஆச்சரியமாகச் சிரித்தார்.

"அட, நீங்கதானா அது. இப்படித்தான் இருப்பீங்களா?"

"என்னைத் தெரியுமா உங்களுக்கு?"

"முகம் தெரியாதும்மா. குரல் தெரியும். எண்ணெய்க் கடையில போன்ல போட்டுக் காட்டுவாங்களே. 'எங்க அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில மருந்தாளரு, அவங்களே சொல்லியிருக்காங்க, கேட்டுக்கோங்க'ன்னு. நாக்குக்கு அடியில நாலு சொட்டு. நான் கூடக் கேட்டேன், ரத்த மாத்திரை சாப்பிடறேனே, இது சேருமான்னு. மறுபடியும் போட்டுக் காட்டிச்சு அந்தப் பொண்ணு. 'மத்த எந்த மருந்தோட வேணும்னாலும் சேர்த்துக்கலாம், ஒண்ணும் பண்ணாது'ன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் சொல்லாத ஒன்றைத் தன் குரலிலேயே சொன்னதாக ஒருவர் சொல்கிறார், அதுவும் குற்றம் சாட்டுகிற மாதிரி அல்ல, நன்றி சொல்கிற மாதிரி. தோள்வலி போய்விட்டது என்று வேறு சொன்னார். சொட்டு விட ஆரம்பித்த பிறகுதான் மிஷினில் உட்கார முடிகிறதாம்.

சாயங்காலம் மருமகள் வீட்டிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். பெரியவள் எழுதிக் கொடுத்த வாசகம் அப்படியே இருந்தது. 'வாயில் விடக் கூடாது.' அதற்கு மேலே, ரப்பர் தலையும் கண்ணாடிக் குழாயுமாகச் சொட்டு மூடி.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அம்மா சின்னவள் வீட்டில்தான் இருக்கிறாள், பேத்தியைப் பார்த்துக்கொண்டு. ஒரு தடவை அம்மாவுக்குக் கைகால் மரத்துப் போகிறது என்று டாக்டர் பி-12 சத்துச் சொட்டு எழுதிக் கொடுத்தார். எப்படிக் கொடுப்பது என்று சின்னவள் போன் செய்தபோது கவுண்டரில் கூட்டம். வேலை முடிந்ததும் பெரியவள் குரலைப் பதிந்து அனுப்பினாள்: 'அம்மாவோட பி-12 சத்து மருந்துடி இது, கேட்டுக்கோ. நாக்குக்கு அடியில நாலு சொட்டு விடணும். உடனே முழுங்கக் கூடாது, ஒரு நிமிஷம் வெச்சிருக்கணும். மத்த எந்த மருந்தோட வேணும்னாலும் சேர்த்துக்கலாம், ஒண்ணும் பண்ணாது. பயப்படாம எடுத்துக்கலாம்.' மருந்தின் பெயரையும் யாருக்கு என்பதையும் முதலில் சொல்வது அவள் பழக்கம். அந்த முதல் வாக்கியத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு, மீதியைக் கடையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள் சின்னவள். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

வார்டு டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும், "இதை மேல எழுதி அனுப்பணும் அக்கா, இன்னும் எத்தனை பேர் சாப்பிடறாங்களோ" என்றான். மருந்தால் கெடுதல் வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது ஆஸ்பத்திரி மருந்தாளரின் வேலை. அதாவது அவள் வேலை. கடையின் பெயர் எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முதலில் நிரப்பினாள். எழுதாமல் விட்டிருக்கலாம். தையல்காரர் மாதிரி வேறு யாராவது தலைக்குள் ரத்தம் கசிந்து வந்து சேர்ந்தால் என்ன செய்வது? எழுதினாள், கையெழுத்தும் போட்டாள்.

எழுதி அனுப்பிவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. உள்ளே போனவள் கல்லா மேஜைக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்தாள். சொட்டு மூடிகள் நிறைந்து கிடந்தன.

"என்னடி இது?"

சின்னவள் எழுந்து வந்து டிராயரைச் சாத்தப் பார்த்தாள்.

"என் குரலை எடுத்து வெச்சுக்கிட்டு யாரு யாருக்கு என்னென்ன சொல்லியிருக்கே? அந்த மனுஷன் செத்திருப்பாரு, தெரியுமா உனக்கு? வால்வு வெச்ச ஆளு. ரத்த மாத்திரை சாப்பிடறேன்னு உங்கிட்ட சொல்லியிருக்காரு. சொன்னவருக்கு மறுபடியும் போட்டுக் காட்டியிருக்கே."

"எனக்கு எப்படிக்கா தெரியும்? செடியிலேர்ந்து எடுக்கறதுதானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு..."

"தெரியாதில்ல? தெரியலேன்னா என்னைக் கேக்கணும். நான் எதுக்குடி இருக்கேன்?"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயசிலிருந்தே அவள் அழுதால் மூக்கு சிவந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. தடவுகிறதுக்கு எவனும் வருவதில்லை, வருகிறவன் எல்லாம் வாயில் விடலாமா என்றுதான் கேட்கிறான், இல்லை என்றால் அடுத்த தெருக் கடைக்குப் போகிறான், இரண்டு மாதத்தில் கடையை மூடுகிற நிலைமை வந்தது என்றாள். ஒரு நாள் ஒருத்தி ரொம்பக் கேட்டாளாம், விளையாட்டாகப் போட்டுக் காட்டினாளாம்.

"உன் குரலைக் கேட்டா எல்லாருக்கும் ஒரு தைரியம் வருதுக்கா" என்றாள், பெருமையாகச் சொல்வது போல.

பெரியவளுக்கு அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. "ஆள் வருவாங்க. விசாரிப்பாங்க. நடந்ததை நடந்தபடி சொல்லிடு. முழுசையும் போட்டுக் காட்டு. வக்கீல் பாக்கலாம், கெஞ்சலாம், என்ன பண்ண முடியுமோ நான் பண்றேன். ஆனா உண்மையைச் சொல்லிடு."

"சொல்லிடறேங்க்கா. குழந்தை மேல சத்தியமா."

குழந்தை மேல் சத்தியம் செய்கிறவர்களை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் தெரியாது. சின்னவளின் கண்ணைத் துடைத்துவிட்டு, மூடிகளையெல்லாம் பையில் கட்டித் தனியாக வைக்கச் சொல்லிவிட்டுப் பெரியவள் வீட்டுக்குப் போனாள்.

கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கடைக்குப் போய்விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தவில்லை. பெரியவளை ஒரு அறையில் உட்கார வைத்துத் தன் போனை மேஜை மேல் வைத்தார். அதிலிருந்து அவள் குரல் வந்தது. நாக்குக்கு அடியில நாலு சொட்டு விடணும்.

"இது உங்க குரலா மேடம்?"

"என் குரல்தான் சார். ஆனா இது எங்க அம்மாவோட சத்து மருந்துக்குச் சொன்னது. முன்னாடி ஒரு வாக்கியம் இருந்துச்சு, அதை வெட்டியிருக்காங்க. என் தங்கச்சியைக் கேளுங்க, அவளே சொல்லுவா."

ஆய்வாளர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க தங்கச்சியைக் கேட்டுட்டுத்தான் வரேன். நீங்க சொல்லித்தான் சொட்டு மூடி போட்டு வித்ததா எழுதிக் குடுத்திருக்காங்க. அதுக்கு ஆதாரமா இதையும் அவங்கதான் அனுப்பினாங்க."

பெரியவள் அந்த அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு ஒட்டியிருந்தது. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நான் பாலூட்டாத குறையாக வளர்த்தவள்தானே அவள், அவளா இப்படி என்று திரும்பத் திரும்ப அதே யோசனைதான் ஓடியது.

ஆய்வாளர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். மருந்தாளர் சொன்ன யோசனையை நம்பிக் கடைக்காரர் விற்றிருந்தால், கடைக்காரருக்கு அபராதமும் எச்சரிக்கையும். மருந்தாளரின் பதிவு ரத்து. யோசனை இல்லாமல் தானாகவே விற்றிருந்தால், மருந்தாளருக்கு ஒன்றும் இல்லை. கடைக்காரருக்குச் சிறை.

"முழு ஒலிப்பதிவு எங்கயாவது இருந்தா விசாரணைக்குக் கொண்டு வந்துடுங்க மேடம். எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா என் சந்தேகத்தை வெச்சு அங்க தீர்ப்பு எழுத மாட்டாங்க."

பெரியவளின் பழைய போன் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டு ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சின்னவளின் போனில் இருந்திருந்தாலும் இனி இருக்காது. ஆனால் அம்மாவிடம் இருந்தது. சின்னவள் அப்போது அதை அம்மாவுக்கும் அனுப்பியிருந்தாள். அம்மா தினமும் காலையில் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே சொட்டு விடுவாள். எத்தனை சொட்டு என்று மறந்துபோகுமாம். 'தினம் விடியறதே உன் குரல்லதாண்டி' என்று பெரியவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதை நினைத்ததும் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

சின்னவள் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் வா என்றாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அம்மா, உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்மா. தினம் காலையில கேப்பியே, அது வேணும்."

அம்மா குழந்தையின் பாவாடை ஒன்றை எடுத்து உதறி, நீவி, நான்காக மடித்து வைத்தாள்.

"அது இல்ல இப்ப."

"இல்லேன்னா?"

"அழிச்சாச்சு."

"அவ அழிச்சாளா?"

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளைச் சொல்லாத. எப்படி அழிக்கறதுன்னு காட்டிக் குடுத்தது அவதான். அழுத்தினது நான்."

பெரியவள் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். போனில் எதையும் அழிக்கத் தெரியாத அம்மா. தெரியாத எண்ணிலிருந்து வருகிற விளம்பரத்தைக் கூட அழிக்காமல் வைத்திருந்து, வருகிறவர்களிடம் காட்டி இது என்ன என்று கேட்கிற அம்மா. அவள் மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அழுத்தியிருக்கிறாள்.

"எதுக்கும்மா?"

"அவளுக்கு ஜெயிலாமே. சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு அவ எங்க போவா? அவ புருஷனைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. வண்டியில ஏறினா மாசக்கணக்கில வீட்டுப் பக்கம் வராதவன். உனக்கு என்ன, ஒரு சீட்டுதானே போகும்? நீ கெட்டிக்காரி. ஒண்டிக்கட்டை. எப்படியும் பொழைச்சுக்குவே."

"ஒரு சீட்டா? அம்மா, அதுதாம்மா நான். அதை எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

"உடம்பு இருக்கு, படிப்பு இருக்கு. வேற வேலை கிடைக்கும்." அம்மாவின் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? ரெண்டு கண்ணுல ஒண்ணைக் குத்திக்கோன்னா எதைக் குத்திக்கறது?"

எதைக் குத்துவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறாள். பெரியவள் எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒலிப்பதிவு போனால் போகட்டும், அம்மாவுக்கு வாய் இருக்கிறதே. போனில் இருப்பதை அழிக்கலாம், அதிகாரி நேருக்கு நேர் கேட்டால் அம்மா பொய் சொல்ல மாட்டாள். பேருந்தில் மிச்சச் சில்லறையைக் கூடுதலாக வாங்கி வந்துவிட்டால் மறுநாள் அதே வண்டிக்குக் காத்திருந்து திருப்பிக் கொடுக்கிறவள். பெரியவள் ஆய்வாளருக்குப் போன் செய்து, தன் பக்கத்து சாட்சியாக அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

இவ்வளவு ஆன பிறகும் நம்பினாள். என்ன சொல்வது இவளை.

விசாரணை அலுவலகத்தின் மாடியில் ஒரு நீள அறையில் நடந்தது. ஒரு பக்கம் ஆய்வாளரும், அவருக்கு மேலதிகாரியான ஒரு அம்மாளும், எழுதுகிற ஒருவரும். எதிர்ப்பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் அம்மா. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். எங்கேயாவது குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போனால் இப்படித்தான் உட்காருவார்கள். சின்னவள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியவள் பக்கம் திரும்பவே இல்லை.

போனில் இருந்த குரலைப் போட்டார்கள். அந்தக் கரகரப்பான குரல் அறை முழுக்கக் கேட்டது. மத்த எந்த மருந்தோட வேணும்னாலும் சேர்த்துக்கலாம், ஒண்ணும் பண்ணாது. நல்ல தெளிவான குரல். யாருடைய பயத்தையும் தெளிய வைக்கிற குரல். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவளுக்கே, இந்தப் பொம்பளை சொன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

சின்னவள் எழுதிக் கொடுத்ததையே சொன்னாள். "அக்கா சொன்னாங்க, நான் செஞ்சேன். எனக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்?" வீட்டில் நீ வா போ என்கிறவள் அங்கே 'சொன்னாங்க' என்றாள். அந்த மரியாதைதான் பெரியவளைக் குத்தியது.

பெரியவள் நடந்ததைச் சொன்னாள். சத்து மருந்து, வெட்டப்பட்ட வாக்கியம், டிராயர், எல்லாம். பிறகு அந்த மேலதிகாரி அவர்களுடைய அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இது எதுக்காகச் சொன்னது? உங்க மருந்துக்கா, கடையில விக்கற எண்ணெய்க்கா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரியவள் அவள் வாயையே பார்த்தாள். சொல்லிவிடுவாள். இதோ சொல்லப் போகிறாள்.

"எனக்கு வயசாச்சு தாயி. எது எதுக்குச் சொன்னதுன்னு ஞாபகம் இல்ல." அம்மா கையைக் கொண்டுவந்து பெரியவளின் கை மேல் வைத்தாள். "ஆனா என் பெரிய பொண்ணு விவரம் தெரிஞ்சவ. இந்த வேலையில அவளுக்கு மேல ஆள் கிடையாது. அவ சொல்லியிருந்தா சரியாத்தான் சொல்லியிருப்பா."

எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார்.

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மேலதிகாரி பெரியவளிடம், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அம்மாவின் கை இன்னும் அவள் கை மேலேயே இருந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

பதிவு ரத்து. சின்னவளுக்கு அபராதம், எச்சரிக்கை. தட்டை மூடியோடு கடையைத் தொடர்ந்து நடத்தலாம், வேறு மருந்தாளரைப் பொறுப்பாளராகப் போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். சின்னவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

மூவரும் படி இறங்கினார்கள். சின்னவள் ஆட்டோ பிடிக்கிறேன் என்று வேகமாக முன்னால் போய்விட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரியவள்தான் கையைப் பிடித்துப் படிப்படியாக இறக்கினாள். வேறு யார் இருக்கிறார்கள் பிடிக்க? கீழே வந்ததும் அம்மா அவள் முகத்தைத் தடவப் போனாள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம்மா."

"கோவமா?"

பெரியவள் அம்மாவின் கையை விட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. உன் தங்கச்சிக்காக உன் பதிவை விட்டுக் குடுடின்னு ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"தெரியாது. எனக்கே தெரியாது. இனிமே உங்களுக்கும் தெரியாது."

ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சின்னவள் ஒதுங்கி இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள், மூன்று பேருக்கு. பெரியவள் அம்மாவை ஏற்றிவிட்டாள், முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் எடுத்து மடியில் போட்டாள், கதவுக் கம்பியைச் சாத்தினாள். அப்புறம் பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அங்கே நின்றிருந்த ஒருவரைக் கேட்டுக்கொண்டு நடந்தாள்.